முகக்கவசக் கிடங்கா, மாற்று ஆளா, முன்கூட்டிய அடைப்பா? ஃப்ளூ பெருந்தொற்றுக்கு முதல் செலவு எதற்கு

பெருந்தொற்றுத் திட்டம் எழுத உட்காரும் நிறுவனமும் சரி, உள்ளாட்சி அமைப்பும் சரி, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒதுக்கியிருக்கும் தொகை கொஞ்சம். அதைக் கொண்டு முகக்கவசமும் மருந்தும் வாங்கி அடுக்குவதா? ஊழியர்களுக்கு, ஒருவர் வேலையை இன்னொருவரும் செய்ய மாற்றுப் பயிற்சியும் சம்பளத்துடன் நோய் விடுப்பும் கொடுப்பதா? வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி செய்வதா? அல்லது, "நிலைமை மோசமானால் மூடிவிடுவோம்" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு அடுத்த கோப்பை எடுப்பதா? நான்கும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முழுமையாக நடக்கும் என்னும்போது வரிசை தேவைப்படுகிறது.

வரிசை போடுவதற்கு முன் ஃப்ளூவின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020க்குப் பிறகு எழுதப்படும் திட்டங்களில் பல கோவிட்டை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. ஃப்ளூ அதைவிட வேகமானது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக 2 நாள், அதிகம் போனால் 4 நாள். அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். யார் யாரைச் சந்தித்தார்கள் என்று பட்டியல் எடுத்து முடிப்பதற்குள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் பங்குக்குப் பரப்பியிருப்பார்கள். ஓர் ஊரில் ஓர் அலை ஏறி இறங்க ஆறு முதல் எட்டு வாரம் என்பது திட்டமிடுவோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு.

தடுப்பூசியை நம்பி முதல் அலையைக் கடக்க முடியாது. 2009இல் புதிய எச்1என்1 ஃப்ளூ வைரஸ் ஏப்ரலில் அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவில் முதல் தவணை ஊசிகள் அக்டோபர் தொடக்கத்தில் வந்தன. அந்த மாத இறுதியிலேயே இலையுதிர்கால அலை உச்சத்தைத் தொட்டது. ஊசிகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் கைக்கு எட்டியது.

தீவிரத்தையும் முன்கூட்டியே சொல்ல முடியாது. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் மாண்டவர்கள் சுமார் 5 கோடி என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1957, 1968 பெருந்தொற்றுகளில் தலா 10 லட்சம் அல்லது அதற்கு மேல். 2009இல் முதல் ஆண்டில் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் வரை. இவ்வளவு அகலமான வரம்புக்குள் அடுத்தது எங்கே விழும் என்று யாராலும் பந்தயம் கட்ட முடியாது.

எத்தனை பேர் வேலைக்கு வரமாட்டார்கள்? மோசமான இரண்டு வாரங்களில் 40 சதவீதம் பேர் வரை வராமல் போகலாம் என்று வைத்துக்கொள்ளும்படி அமெரிக்க அரசின் 2006ஆம் ஆண்டுத் திட்டம் சொன்னது. பிரிட்டனின் வழிகாட்டல் பெரிய அமைப்புகளுக்கு 15 முதல் 20 சதவீதம் என்றும், சிறு குழுக்களுக்கு 30 முதல் 35 சதவீதம் என்றும் பிரித்துச் சொன்னது. இந்தப் பிரிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயிரம் பேர் உள்ள அலுவலகத்துக்குச் சராசரி பொருந்தும். குளோரின் கலக்கத் தெரிந்த மூன்று பேர் மட்டும் உள்ள நீரேற்று நிலையத்துக்குச் சராசரி எதற்கு? அங்கே இரண்டு பேர் படுத்தால் நிலையம் படுத்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆள் மூன்றில் ஒரு பங்கு இல்லாதபோதும் இந்த ஏற்பாடு நடக்குமா? இரண்டாவது, வைரஸின் தீவிரம் தெரியாத முதல் வாரங்களிலேயே இதைத் தொடங்க முடியுமா, பிறகு லேசான நோய்தான் என்று தெரிந்தால் எவ்வளவு நட்டம்? மூன்றாவது, ஆண்டுதோறும் பராமரிக்க என்ன ஆகும்? நான்காவது, பெருந்தொற்றே வராத ஆண்டில் இதனால் ஏதாவது பயன் உண்டா? ஐந்தாவது, சுமை யார் தலையில் விழுகிறது? கடைசிக் கேள்வியைத் திட்டங்கள் பொதுவாகக் கேட்பதில்லை. சுமை தாங்க முடியாதவர் தலையில் விழுந்தால் அவர் விதியை மீறுவார். அதோடு திட்டம் முடிந்தது.

| | பொருள் இருப்பு | மாற்று ஆளும் விடுப்பும் | தொலைவேலை, ஷிப்ட் பிரிப்பு | முன்கூட்டி மூடுதல் |
|---|---|---|---|---|
| ஆள் குறைந்தால் | உதவாது. இருக்கும் ஆளைக் காக்கும் | இதற்காகவே உள்ளது | ஓரளவு | கேள்வி எழாது. வேலையே நிற்கிறது |
| முதல் வாரத்தில் தொடங்க | முடியும், முன்பே வாங்கியிருந்தால் | முடியும், முன்பே பழகியிருந்தால் | எளிது | மிகக் கடினமான முடிவு |
| பராமரிப்பு | காலாவதி, கிடங்கு | ஆண்டுப் பயிற்சி நேரம் | குறைவு | ஏறத்தாழ இல்லை |
| சாதாரண ஆண்டில் பயன் | பழையதை முதலில் செலவழிக்கும் சுழலும் இருப்பானால் உண்டு | நிறைய | உண்டு | இல்லை |
| சுமை | நிறுவனத்தின் கையிருப்பு | நிறுவனத்தின் சம்பளக் கணக்கு | வீடும் குடும்பமும் | தினக்கூலிகள், சிறு வணிகர், பெற்றோர் |

## பொருள் இருப்பு

இதற்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு: கண்ணுக்குத் தெரியும். கிடங்கைத் திறந்து காட்டலாம், தணிக்கைக்குக் கணக்குக் கொடுக்கலாம், பணம் எங்கே போனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் குழுக்கள் முதலில் இதன் பக்கம் சாய்கின்றன என்பது என் சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முகக்கவசம், வாரம் ஆறு நாள், எட்டு வாரம்: ஓர் அலைக்கே 9,600. இரண்டாம் அலை வந்தால் இன்னொரு மடங்கு. வாங்கும் விலையோடு செலவு நிற்பதில்லை. வைத்திருக்கும்போதே காதுப்பட்டியின் மீள்தன்மை போகும், ஈரமும் வெப்பமும் வடிகட்டித் துணியைக் கெடுக்கும், காலாவதித் தேதி வரும். என்95 என்றால் முகத்தில் காற்றுக் கசியாமல் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிக்க வேண்டும். ஒரே அளவு எல்லா முகத்துக்கும் பொருந்தாது, தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. அந்தச் சோதனை இல்லாமல் என்95 வாங்குவது, அதன் பெயருக்குக் கொடுக்கும் விலை.

மருந்து இன்னும் சிக்கலானது. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் விற்கப்படும் அந்த மருந்தைச் சேர்த்துவைக்கப் பிரிட்டன் 42 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2013இல் கணக்குச் சொன்னது. அடுத்த ஆண்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு, பெரியவர்களுக்கு அறிகுறிக் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது என்று சொன்னதும் பெரிய விவாதம் மூண்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இன்றும் அது பரிந்துரைக்கப்படுகிறது. அது பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2008-09 பருவத்தில் சுற்றிக்கொண்டிருந்த பருவகால எச்1என்1 வகை ஏறத்தாழ முழுவதும் அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தது. அடுத்து வந்த பெருந்தொற்று வைரஸ் அப்படி இல்லாமல் போனது நமது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு தொழிற்சாலை தன் அலமாரியில் மாத்திரை வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளாட்சி அமைப்பின் வேலையும் வாங்குவது அல்ல. மேலிருந்து வரும் மருந்து 48 மணி நேர எல்லைக்குள் நோயாளியின் கைக்குப் போக எந்தக் கட்டடம், எந்த வண்டி, யார் பொறுப்பு என்று முடிவு செய்துவைப்பது.

சுழலும் இருப்பு என்றால் கதை வேறு. தினமும் செலவாகும் பொருளை ஒரு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்திவந்தால் எதுவும் காலாவதியாகாது. கூடுதலாக முடங்குவது இரண்டு மாதச் சரக்கின் விலை மட்டும். உள்ளாட்சியைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலின் தலையில் இருக்க வேண்டியது முகக்கவசமல்ல: குளோரின், டீசல், பம்புகளின் உதிரி பாகங்கள், தூய்மைப் பணியாளர்களின் கையுறைகள். ஓட்டுநர்களும் கிடங்கு ஊழியர்களும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் படுக்கும்போது, கேட்ட மறுநாள் வரும் சரக்கு வராது.

கிடங்கை முதலிடத்தில் வைக்க வேண்டியவர்கள்: மருத்துவமனை, ஆம்புலன்ஸ், முதியோர் இல்லம், தகனமேடை போன்று நோயாளியையோ உடலையோ நேரில் தொடும் பணிகள்; தீவு, தொலைதூரச் சுரங்கம் போன்று சரக்கு வரும் வழி ஒன்றே ஒன்றான இடங்கள். மற்றவர்களுக்கு இது இரண்டாம், மூன்றாம் இடம்.

## மாற்று ஆளும் நோய் விடுப்பும்

வெள்ளமும் நிலநடுக்கமும் கட்டடத்தை உடைக்கின்றன, ஆள் இருப்பார். பெருந்தொற்றில் கட்டடம் அப்படியே நிற்கும். சாவி வைத்திருப்பவர் காய்ச்சலில் கிடப்பார். இதிலிருந்து இன்னொன்றும் கிளைக்கிறது. புயல் அடித்தால் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் வரும். பெருந்தொற்றில் பக்கத்து மாவட்டமும் அதே வாரத்தில் ஆள் தேடிக்கொண்டிருக்கும். பேரிடர்த் திட்டங்களில் வழக்கமாக எழுதப்படும் "அண்டை அமைப்புகளின் உதவி கோரப்படும்" என்ற வரியை இங்கே அடித்துவிடலாம்.

அதனால்தான் இந்த வழியை மற்ற மூன்றுக்கும் மேலே வைக்கிறேன். செய்முறை சிக்கலில்லாதது. நின்றால் உயிருக்கோ சட்டத்துக்கோ சம்பளத்துக்கோ ஆபத்து வரும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பெயர். மூன்றாவது பெயர் எழுத முடியாத வேலைகளே உங்கள் உண்மையான ஆபத்துப் பட்டியல். நிறுவனத்தில் அது பெரும்பாலும் சம்பளப் பட்டியல் போடுபவர், வங்கியில் கையொப்பமிடுபவர், கொதிகலன் இயக்க உரிமம் உள்ளவர். உள்ளாட்சியில் பம்ப் இயக்குபவர், குப்பை வண்டி ஓட்டுநர், இறப்புப் பதிவு எழுத்தர், அவசரக் கொள்முதலுக்கு ஒப்புதல் தரும் அதிகாரி. இறப்புப் பதிவு தேங்கினால் உடல்கள் காத்திருக்கும் என்பதை நெருக்கடி வரும்வரை யாரும் யோசிப்பதில்லை.

மறைசெலவுகள் இங்கும் உண்டு, சற்று நுணுக்கமானவை. பயிற்சி நேரத்தில் ஒரே வேலைக்கு இருவருக்குச் சம்பளம் போகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த மாற்று ஆள் நிஜமாக அந்த வேலையைச் செய்யாவிட்டால் கற்றது மறந்துபோகும். கணினியின் கடவுச்சொல் மாறியிருக்கும். மேல்நிலைப் பதவியின் வேலையைக் கீழ்நிலை ஊழியர் செய்தால் கூடுதல் ஊதியமா என்ற கேள்வியைத் தொழிற்சங்கம் கேட்கும், கேட்கவும் வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, தனக்கு மட்டும் தெரிந்த வேலையே தன் பாதுகாப்பு என்று இருபது ஆண்டுகளாக இருப்பவரை அதைச் சொல்லிக்கொடுக்க வைப்பது. உத்தரவு போட்டால் நடக்காது. அவருடைய பதவி பறிபோகாது என்று எழுத்தில் கொடுத்தால் நடக்கலாம். கையொப்ப அதிகாரத்தை மாற்றித் தர உள்ளாட்சி அமைப்புக்குத் தீர்மானம் தேவைப்படும். உறுப்பினர்கள் போதிய எண்ணிக்கையில் கூட முடியாத வாரத்தில் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற முடியாது என்பதால் இப்போதே நிறைவேற்ற வேண்டும்.

விடுப்பு இதன் மறுபாதி. சம்பளம் போகும் என்றால் காய்ச்சலோடு வேலைக்கு வருவார்கள். ஃப்ளூ மிக அதிகமாகப் பரவுவது நோயின் முதல் மூன்று, நான்கு நாள்களில்; அந்த நாள்களில் வந்து உட்காரும் ஒருவரால் அடுத்த வாரம் ஒரு ஷிப்ட் காலியாகும். மருத்துவச் சான்றிதழ் கேட்கவேண்டாம் என்று 2009இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வேலை கொடுப்போரிடம் கேட்டுக்கொண்டது: சான்றிதழுக்காக மட்டும் வருபவர்களால் மருத்துவர்களின் காத்திருப்பு அறை நிரம்பக் கூடாது என்பது காரணம். காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் திரும்பி வரலாம் என்ற விதியும் அப்போது சொல்லப்பட்டதுதான். நினைவில் வைக்க எளிது, சுவரில் ஒட்டலாம். விடுப்பைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்ற அச்சம் எல்லா நிர்வாகக் கூட்டத்திலும் எழும். சிலர் செய்வார்கள். அந்த நட்டம், ஒரு பிரிவே படுக்கும் நட்டத்துக்கு முன் சிறியது.

ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தக் கணக்கில் சேர்க்காத திட்டம் பாதித் திட்டம். காவலர், சமையற்காரர், தூய்மைப் பணியாளர் எல்லோரும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருப்பார்கள்; வைரஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நோய் விடுப்பு ஒரு நிபந்தனையாக ஏற வேண்டும், அதற்கான விலை உயர்வையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த வழி கைவிடும் இடம் மிகச் சிறிய கடைகளும் அலுவலகங்களும். மூன்று பேரில் மூன்று பெயர் எழுதினால் அதே மூவர்தான் வருவார்கள். ஓய்வுபெற்றவர்களை அழைக்கலாம் என்று சிலர் எழுதுவதுண்டு. 2009இல் முதியவர்களுக்கு ஓரளவு பழைய எதிர்ப்புத்திறன் இருந்தது, அப்போது அது பொருந்தியிருக்கும். 1957 போன்ற ஒன்று வந்தால் மூத்தவர்களை ஆபத்தில் தள்ளுவதாகிவிடும். சிறிய இடங்களுக்கு, எந்தெந்த வேலையை எத்தனை நாள் நிறுத்திவைக்கலாம் என்ற பட்டியல்தான் உண்மையான திட்டம்.

## தொலைவேலையும் ஷிப்ட் பிரிப்பும்

மேசை வேலைக்கு 2020க்குப் பிறகு பெரும்பாலும் வசதி வந்துவிட்டது, புதிதாகச் செலவில்லை. ஆனால் பம்பை வீட்டிலிருந்து இயக்க முடியாது. ஒரே நிறுவனத்தில் பாதிப் பேர் வீட்டிலும் பாதிப் பேர் களத்திலும் இருக்கும்போது களத்தில் இருப்பவர்களின் மனக்கசப்பும் ஒரு செலவுதான்.

களப்பணிக்கு ஏற்றது ஷிப்ட் பிரிப்பு: ஒருவரையொருவர் சந்திக்காத இரண்டு குழுக்கள், வாரம் மாற்றி வாரம். ஃப்ளூவின் அறிகுறி நான்கு நாளுக்குள் தெரிந்துவிடுவதால், வேலை வாரத்தின் கடைசியில் தொற்றியவர் ஓய்வு வாரத்தில் வீட்டில் இருக்கும்போதே காய்ச்சலைக் கண்டுகொள்வார். திரும்ப வரும்போது பெரும்பாலும் பரவும் காலம் முடிந்திருக்கும். விலை, பாதித் திறன். பாதி ஆளோடு நடக்கக்கூடிய வேலைக்கு மட்டும் இது ஒத்துவரும். ஓய்வு வாரத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லாவிட்டால் ஊழியர்கள் வேறு இடத்தில் கூலிக்குப் போவார்கள், பிரித்ததன் பயன் அங்கேயே கரையும்.

## முன்கூட்டி மூடுதல்

இதற்கான வாதத்தை 1918இன் இரண்டு அமெரிக்க நகரங்கள் சொல்லும். ஃபிலடெல்ஃபியாவில் நோய் தலைகாட்டிய பிறகும், செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திர ஊர்வலம் நடந்தது. சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். நகரத்தை மூடும் உத்தரவு அக்டோபர் தொடக்கத்தில், நோய் பெருக்கெடுத்த பிறகு வந்தது. செயின்ட் லூயிஸ் முதல் நோயாளிகள் தெரிந்த சில நாள்களிலேயே பள்ளி, திரையரங்கு, தேவாலயம் எல்லாவற்றையும் மூடியது. உச்ச வாரத்தில் லட்சம் பேருக்கு மரணம் முதலாவதில் 257, இரண்டாவதில் 31. அதே செயின்ட் லூயிஸ் நவம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் மறுபடி நோய் ஏறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூடத் தெரிந்தால் போதாது, எப்போது திறப்பது என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

எல்லையை மூடியதற்கு சமோவா சாட்சி. 1918 நவம்பரில் 'டாலூன்' என்ற கப்பலை இறங்கவிட்ட மேற்கு சமோவா தன் மக்களில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. கப்பல்களைத் தடுத்துவைத்த அமெரிக்க சமோவாவில் அந்த நோயால் யாரும் சாகவில்லை. தீவாக இருந்தால் செய்யலாம். தரைவழி உள்ள ஊருக்கு இந்த உதாரணம் அவ்வளவாக உதவாது.

எதிர்வாதம் 2009இல் கிடைக்கிறது. நோய் கண்ட பள்ளிகளை இரண்டு வாரம் வரை மூடச் சொன்ன அமெரிக்க மையம், நோய் எண்ணியதைவிட லேசானது என்று தெரிந்ததும் மே முதல் வாரத்திலேயே அந்த ஆலோசனையைத் திரும்பப் பெற்றது. பள்ளி மூடினால் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பல வீடுகளில் செவிலியராகவோ தூய்மைப் பணியாளராகவோ இருப்பார். பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போகும் வழி அறும். தினக்கூலிக்குப் பணம் நிற்கும். நிறுவனம் மூடினால் வியாபார நட்டக் காப்பீடு ஈடு செய்யும் என்று நம்பியிருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்கட்டும்; தொற்றுநோயை விலக்கும் பிரிவு பலவற்றில் இருக்கிறது.

கையில் காசில்லாத உள்ளாட்சி அமைப்பு கவனிக்க வேண்டியது இதில் ஒன்றுண்டு. மூடும் முடிவு விலை மிகுந்தது. மூடுவதற்கான சட்ட ஆயத்தமோ மிக மலிவு. யாருக்கு அதிகாரம், எந்தச் சட்டப் பிரிவு, உத்தரவின் வரைவு, உணவு எப்படிப் போகும், எந்த அளவு குறைந்தால் திறப்பது: ஒரு சட்ட ஆலோசகரும் ஒரு சுகாதார அலுவலரும் சில வாரங்கள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். 1918 போன்ற தீவிரத்தில் நாள்கள் எண்ணி உயிர் போகும்போது இந்தக் காகிதம்தான் தாமதத்தைக் குறைக்கும்.

## ஆக, வரிசை

நிறுவனத்துக்கு: விடுப்பும் மாற்று ஆளும் முதலில், பிறகு ஷிப்ட் பிரிப்பு, அதன் பின் சுழலும் இருப்பு. மூடுவது உங்கள் கையில் இல்லாமலே போகலாம். அந்த நாளில் சம்பளம் எப்படிப் போகும் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். உள்ளாட்சிக்கு: தண்ணீர், குப்பை, சுகாதாரம், இறப்புப் பதிவும் தகனமும், நிதி ஒப்புதல் ஆகியவற்றுக்கு மூன்று பெயர்; மூடலுக்கான சட்டக் காகிதம்; குளோரினும் டீசலும். முகக்கவசம் மருத்துவப் பணியாளர்களுக்கும் உடல்களைக் கையாள்பவர்களுக்கும் மட்டும்.

இதைத் தனித் திட்டமாக எழுதுவதா, இருக்கும் பேரிடர்த் திட்டத்தில் இணைப்பாகச் சேர்ப்பதா என்று கேட்டால், தனிச் சுகாதாரப் பிரிவு இல்லாத அமைப்புக்கு இணைப்பே போதும். தனித் திட்டம் எழுதியவர் மாற்றலாகிப் போனால் அதுவும் அலமாரிக்குப் போய்விடும். இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது, எதைக் கண்டதும் திட்டத்தைத் தொடங்குவது என்ற அளவுகோல். 2009இல் பல நாடுகளின் திட்டங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கட்ட எச்சரிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தன. அந்தக் கட்டங்கள் பரவலை அளந்தன, தீவிரத்தை அல்ல. ஜூன் 11 அன்று ஆறாம் கட்டம் அறிவிக்கப்பட்டபோது பலருக்கு அது லேசான காய்ச்சலாகவே இருந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாடும் தன் ஆபத்தைத் தானே மதிப்பிட்டுச் செயல்படச் சொன்னது. உங்கள் அளவிலும் அதையே செய்யலாம்: நிறுவனம் தன் வருகைப் பதிவேட்டில் காய்ச்சல் விடுப்பை நாள்தோறும் எண்ணட்டும், உள்ளாட்சி பள்ளி வருகையையும் புறநோயாளிப் பிரிவின் காய்ச்சல் எண்ணிக்கையையும் வாரந்தோறும் எண்ணட்டும். வழக்கமான பருவத்தின் எண்ணிக்கை தெரிந்தால்தான் மீறல் தெரியும் என்பதால், எண்ணுவதை இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். எண்ணுபவர் யார், அவர் யாரிடம் சொல்வார், அவரே படுத்துவிட்டால் யார் எண்ணுவார் என்ற மூன்று பெயர்களும் இணைப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.